ஒரு கண்ணுக்கு மட்டும் பூசிய பிரைமர்

கனடாவில், இந்த வின்னிபெக்கில், சுவருக்கு மட்டுமல்ல, கண்ணிமை மயிருக்கும் பிரைமர் பூசுகிறார்கள். மஸ்காரா என்கிற கறுப்பு மை பிடித்து நிற்பதற்காக, முதலில் ஒரு வெள்ளைப் பசை. பூச்சுக்கு ஒரு பூச்சு! மாத்தளையில் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயத்துச் சுவருக்கே ஒரே பூச்சுத்தான், அதுவும் தோட்டத்துக்குப் பெரிய மனிதர்கள் வருகிற வருடத்தில். வீட்டிலேயே முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் முடித்து, பட்டமும் வாங்கிக் கடல் கடந்த நான், இங்கே ஒரு மருந்துக்கடையில் நின்று கருத்தாக வாசித்தது இந்தக் குழாயின் பின்பக்கத்தைத்தான்.

அதை வாங்கி அனுப்பச் சொல்லிக் கேட்டவள் ஊரிலிருக்கும் என் தங்கை சுகி. மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறாள். போன மாதம் நாவுலவில் ஒரு பெண் வீட்டைவிட்டு இறங்கும்போது அழுத அழுகையில் மை கன்னமெல்லாம் வழிந்து, கல்யாணப் போட்டோ அல்பமே பாழானது.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்கண்ணே."

"அழவேணாம்னு சொல்லேன்."

"நல்லா சொன்னீங்க! அழாட்டி, கல்லு மாதிரி போறா பாருன்னு லயமே பேசும்."

கடைப்பெண்ணிடம் இருப்பதிலேயே மலிவானதைக் காட்டி, "மணப்பெண் கட்டாயம் அழுவாள், இது தாங்குமா?" என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. ஆபத்திலிருக்கும் பெண்கள் அழைக்கவேண்டிய இலக்கம் அச்சடித்த அட்டையொன்றை மெதுவாக என் கையில் திணித்தாள். எங்கள் ஊரில் அழாதவளைத்தான் சந்தேகிப்பார்கள் என்று விளக்க எனக்கு இங்கிலீஷ் இருந்தது. கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை.

ஊருக்கு அனுப்புமுன் என் கண்ணிலேயே சோதித்துப் பார்த்தேன். வலது கண்ணுக்குப் பிரைமரும் மேலே மையும். இடது கண்ணுக்கு வெறும் மை. வலது இமை பழைய டூத் பிரஷ் மாதிரி விறைத்தது. பஸ் தரிப்பில் தினமும் கண்ணீர் வரவைக்கிற காற்று அன்று பார்த்து அசையவில்லை. அரைமணி நேரம் கோமாளியாக நின்றதுதான் மிச்சம். பக்கத்தில் நின்றவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாகரிகமாம். லயத்தில் என்றால் நாலு பேராவது வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள்.

அறைக்கு வந்து சுகியை வீடியோவில் அழைத்தேன். "என்னண்ணே, நாடகத்துல சேந்துட்டீங்களா?" என்றாள். இடையில் அம்மா புகுந்தாள். "தம்பி, கிளினிக்குல ஒரு கடதாசி குடுத்தாங்க. வாசிப்பா." சுகி ஏற்கனவே வாசித்துச் சொல்லியாயிற்றாம், நான் வாசித்தால்தான் அம்மாவுக்கு நம்பிக்கை. கடதாசியைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அப்படியே வாசித்தேன். அடுத்த மாதம் வரச்சொல்லியிருந்தது, அவ்வளவுதான். முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணே, அசையாதீங்க! இடது பக்கம் வழியுது, வலது பக்கம் அப்படியே நிக்குது!" சுகி துள்ளினாள்.

அம்மா கடதாசியை இறக்கிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏன்பா, ஒரு கண்ணு மட்டும் அழுவுது?"