மாலை போட்ட படம்

யார் வீட்டுக்குப் போனாலும் கங்கம்மா முதலில் குழாயைத்தான் திறப்பாள். உள்ளங்கையைக் குழித்துக் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை வாசலில் உதறுவாள். அதற்குப் பிறகுதான் நலம் விசாரிப்பெல்லாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய தெருக்களில் ஒரு வீட்டில் தண்ணீர் துருவாக வரும், பக்கத்து வீட்டில் உப்பாக வரும். கம்பெனி கேன்டீனில் சாம்பார் வைக்கிறவளுக்குத் தண்ணீர் கெட்டால் பருப்பு வேகாது என்கிற கவலை.

இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துக்குப் பார்த்திருந்த ஓர் அறை வீட்டிலும் அதையேதான் செய்தாள். ஃபோர்க்லிப்ட் ஓட்டும் ஜோஷ்வா, தலையில் கட்டிலோடு பின்னால் நின்றான்.

"இன்னாக்கா, லேப் ரிப்போர்ட் வந்துச்சா?"

"வந்துச்சு. உன் வாய்லதான் துரு ஜாஸ்தியாம். கட்டில எறக்கு மொதல்ல."

டியூஷன் டீச்சர் ஜெனிபர் சிரித்தாள். ஒரு புயல் மழையில் முழங்கால் தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் கொடுக்கப் போன மூன்று பேர் இவர்கள். அதற்கப்புறம் ஊரில் யாருக்கு என்ன என்றாலும் மூன்று பேரும் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது.

வந்தவர்களும் மூன்று பேர்தான். யோகராணி, அவள் மகள் தர்சிகா, மாமனார் நாகலிங்கம். சொந்த ஊர் முல்லைத்தீவுப் பக்கம். அங்கே அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று அலுத்துப் படகேறியவர்கள். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அனுமதி வாங்கி இங்கே வந்திருந்தார்கள். புருஷனைப் பற்றி யோகராணி எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அவள் கழுத்து வெறுமையாக இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. ஆனால் கங்கம்மாவும்தான் பொட்டு வைத்திருக்கிறாள். புருஷன் போன பிறகு, 'வெச்சிக்கம்மா, இன்னா இப்போ' என்று மகள் ஒட்டிவிட்ட பொட்டு.

கங்கம்மாவின் புருஷன் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். முதல் வருஷம் கங்கம்மாவுக்கு வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. அவன் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, சின்னச் சிவப்பு பல்பு எரியவிட்டு மாட்டிய பிறகுதான் வீடு வீடாக ஆயிற்று. தினமும் காலையில் படத்தோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். "கேஸ் தீந்துபோச்சி, நீ பாட்டுக்குப் பல்லக் காட்டிக்கினு கீற."

தனக்கு எது தெம்பு தந்ததோ அதையே யோகராணிக்கும் கொடுத்துவிட நினைத்தாள்.

தர்சிகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க யோகராணியும் ஜெனிபரும் போயிருந்த பகலில், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டாள்.

"நைனா, உங்க புள்ள போட்டோ எதுனா கீதா? பெருசு பண்ணி, மாலை போட்டு, லைட் வெச்சி மாட்டிடலாம். பால் காய்ச்சற அன்னிக்கி செவுரு வெறுமனே இருக்கக் கூடாது."

நாகலிங்கம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு பையைத் துழாவி, பிளாஸ்டிக் உறையில் போட்ட படத்தைக் கொண்டுவந்தார். கட்டம் போட்ட சட்டையில் ஓர் இளைஞன். வெயில் பட்டுப் பட்டு முகம் வெளுத்திருந்தது.

"வடிவாச் செய்யுங்கோ, பிள்ளை. கண் தெளிவாத் தெரியோணும்."

அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

வெள்ளிக்கிழமை காலை அடுப்பில் பால் ஏறியது. ஜோஷ்வா ஆணி அடித்துப் படத்தை மாட்டி, சுவிட்சைப் போட்டான். குடத்தில் தண்ணீரோடு உள்ளே வந்த யோகராணி, படத்தைப் பார்த்ததும் குடத்தை அப்படியே தரையில் வைத்தாள்.

"இதை ஆர் மாட்டினது?"

"நாங்கதாம்மா…" என்று கங்கம்மா சிரித்தபடி தொடங்கினாள்.

"படத்தை ஆர் எடுத்துத் தந்தது?"

சிரிப்பு நின்றது. கங்கம்மா பெரியவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"யாரும் தரல. பையில இருந்துச்சி. நானே எடுத்தேன்."

ஜோஷ்வா திரும்பி அவளைப் பார்த்தான்.

"அடுத்தவையின்ர பைக்குள்ள கை வைப்பியளோ?" யோகராணியின் குரல் உயரவில்லை. "அக்கா, என்ர மனுசன் இருக்கிறார். தாலிக்கொடியைப் படகுக்குக் குடுத்தனான். மனுசனைக் குடுக்கேல்லை."

ஸ்டூலில் ஏறி மாலையை இழுத்தாள். நூல் அறுந்தது. படத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. வெறும் ஆணிக்குக் கீழே பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ஜெனிபர் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னாள். யோகராணியின் புருஷன் ஈழப்போர் முடிந்த நாட்களில் காணாமல் போனவன். அவனைத் தேடி யோகராணி ராணுவ முகாம் முகாமாக அலைந்திருக்கிறாள். பிறகு, காணாமல் போனவர்களின் குடும்பத்தார் தெருவோரம் போட்ட பந்தலில் வருஷக்கணக்கில் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ பையில கை வெக்கிற ஆளாக்கா?" என்று ஜோஷ்வா கேட்டான்.

"வெச்சேன்னு சொல்றேன்ல? வுடுடா."

கேன்டீனிலிருந்து கங்கம்மா கொண்டுபோய்க் கொடுத்திருந்த பாத்திரங்கள் நன்றாகத் துலக்கப்பட்டு ஜெனிபர் கையில் திரும்பி வந்தன. ஷேர் ஆட்டோவில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் யோகராணி வெளியே பார்த்துக்கொள்வாள். கங்கம்மா அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகவேண்டும். அவள் வருவதைப் பார்த்தால் நாகலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். அவள் தாண்டிப் போகும்வரை நின்றுவிட்டு உட்காருவார். வயசானவர் தனக்காக எழுந்து நிற்பது கங்கம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது.

ஐப்பசி மழையில் அவருக்குச் சுரம் கண்டது. நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார்.

கங்கம்மா போகாமல் இருப்பாளா? ஷாமியானா கட்டச் சொன்னாள், நாற்காலி வரவழைத்தாள், பெரிய குண்டானில் டீ போட்டாள். யோகராணி தடுக்கவில்லை. உடம்பின் காலடியில் உட்கார்ந்து, "மாமா, அவர் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுவன்?" என்று அழுதுகொண்டிருந்தாள். அந்தச் சொல் வாசல் வரைக்கும் கேட்டது.

புழல் அகதி முகாமிலிருந்து இராசையா என்கிற ஒருவர் வந்திருந்தார். பெரியவரின் ஊர்க்காரர். கங்கம்மா நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"அந்தப் படத்தை மாட்டினது நீங்கள்தானே?"

கங்கம்மா தலை குனிந்தாள். "தெரியாம பண்ணிட்டேங்க."

"நீங்கள் தெரியாமல் செய்தனீங்கள். அவர் தெரிஞ்சுதான் தந்தவர். 'கொஞ்ச நேரமெண்டாலும் மாலையோட பாத்திட்டன் இராசையா' எண்டு ஃபோனில சொன்னவர்."

உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

ஷெல் விழுந்த இடத்திலேயே மகன் முடிந்துவிட்டான். கடற்கரை மணலில் குழி தோண்டியது நாகலிங்கமும் இராசையாவும்தான். நிறைமாத வயிற்றோடு முன்னால் சனத்தோடு போய்க்கொண்டிருந்த மருமகளை எட்டிப் பிடித்து, 'சனத்துக்குள்ள தவறிட்டான், பின்னால வருவான்' என்று சொன்னவர், பிறகு அதை மாற்றிச் சொல்ல முடியாமலே போய்விட்டார். தெருவோரப் பந்தலில் அவள் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும், அவரும் தினம் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.