பச்சைப் பட்டிகளும் ஒரு முட்டி தயிரும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வன்னியில் எங்கள் வேலிப் படலையடியில் ஒருநாள் காலை இரண்டு இளநீரும் ஒரு மண்முட்டி தயிரும் இருந்தன. சூனியம் என்று நம்பினேன். நீளத் தடியொன்றை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முட்டியைத் தள்ளிக் கவிழ்த்தேன். நல்ல கட்டித் தயிர். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் வேலிக்குள் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது விளங்காது. அங்கே ஆளை மறைக்கும் கிடுகுவேலி; அடுத்த வீட்டுக் கறியை மூக்கால்தான் அறியலாம். இங்கே, குடியேற்றத் திட்டத்து வீட்டில், மாட்டைத் தடுக்க இடுப்பளவு முள்வேலி மட்டும். குளக்கட்டால் போகிறவர்கள் எல்லாம் யன்னலுக்குள் தலையை விட்டு, "என்ன அக்கா, இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பார்கள். ஒருநாள் என் மனைவி செல்லம் அகப்பையோடு வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, உந்த யன்னலை மறைக்கிறியளோ, நான் அம்மா வீட்டை போகட்டோ?"

கொழும்பில் இருக்கும் மச்சான், தான் வேலைசெய்யும் கந்தோர் யன்னலில் கழற்றிப் போட்ட 'வேர்ட்டிக்கல் பிளைண்ட்' ஒன்றை லொறியில் அனுப்பினான். மேலே ஒரு தகரத் தண்டு, அதில் கொளுவித் தொங்கும் பச்சைத் துணிப் பட்டிகள், கீழே அவற்றைக் கோக்கும் சங்கிலி. கயிற்றை இழுத்தால் பட்டிகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பவேண்டுமாம். என் வீட்டில் ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றது மேற்கே பார்த்தது. அடித்த ஆணி சுவரையும் கூட்டிக்கொண்டு வந்தது. காற்றடித்தால் பட்டிகள் என் கன்னத்தில் அறைந்தன. ஒருவழியாகப் பூட்டி முடித்தால், துணிக்குள் பூச்சி. நெல்லுக்குள் போடுவதுபோல் செல்லம் தண்டு முழுக்க வேப்பிலை செருகினாள். பூச்சி போய்விட்டது. ஆட்களும் போய்விட்டார்கள்.

அதன்பிறகு யன்னலில் ஒரு தலையையும் காணோம். என்னைக் கண்டவர்கள் வழியை மாற்றினார்கள். அரிவு வெட்டுக்கு ஒருவர் வயலில் மற்றவர்கள் கூடி இறங்குவது இங்கத்தைய வழக்கம். என் நெல் முற்றிவிட்டது, மாசி மழை இருண்டுகொண்டு நின்றது, ஒருவரும் வந்து வெட்டுக்கு நாள் கேட்கவில்லை. யன்னலை மூடிய யாழ்ப்பாணத்தான்மேல் கோபம், நெல்லை அழியவிட்டு என்னைத் துரத்தப் போகிறார்கள் என்று முடிவுகட்டினேன். வயல் பக்கம் போகவும் பயந்து, பட்டிகளின் இடுக்கால் ரோட்டைப் பார்த்தபடி வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அந்த நிலைமையில்தான் தயிர் வந்தது.

கவிழ்த்த கையோடு பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பி அண்ணையிடம் ஓடினேன். அவர் மாமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அங்கையே நில்லும் தம்பி."

"அண்ணை, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. அம்மாள் ஆருக்கு வந்தவா? செல்லத்துக்கோ?"

அப்போதுதான் என் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். மூடிய யன்னல், அதில் வேப்பிலை. அம்மை கண்ட வீட்டுக்கு நான் பிறந்த ஊரிலும் அதுதானே அடையாளம்.

"ஒருத்தருக்கும் அம்மாள் வருத்தமில்லை அண்ணை. அது பூச்சிக்குச் செருகினது."

"பூச்சிக்கோ?" மரத்தை விட்டு வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் வைச்ச தயிர்?"

"கவிண்டு போச்சு."

"தானாவோ?"

கையிலிருந்த தடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"சரி, வயலையாவது போய்ப் பார்த்தனீரோ?"

போய்ப் பார்த்தேன். ஊரார் என் நெல்லை வெட்டிக் கட்டி, மழை படாமல் குவித்து அடுக்கிச் சூடு வைத்திருந்தார்கள். வரம்புக்கு அந்தப் பக்கம், சின்னத்தம்பி அண்ணையின் நெல் இன்னும் வெட்டாமல் நின்றது.