மூன்று சிவப்பு அம்புகள்

எங்கள் வீட்டில் யார் பொய் சொன்னாலும் எனக்குத்தான் வயிறு வலிக்கும். பக்கத்து வீட்டாரிடம் அம்மா "சர்க்கரை தீந்துபோச்சுங்க" என்று சொன்னால், டப்பாவில் இருக்கும் அரைக் கிலோவும் என் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட நான் ஏழாம் வகுப்பில் ஒரு பெரும் பொய்யைப் பச்சை நிறத்தில் வரிசையாக ஒட்டிவைத்தேன்.

நல்லூரில் நான் படித்த பள்ளியில் அந்த ஆண்டு போதைக்கு எதிராக ஒரு மன்றம் தொடங்கினார்கள். சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து கெட்டுப்போன கல்லீரலின் படத்தைக் காட்டினார். டீச்சர் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். முப்பது நாளுக்கு முப்பது பெட்டி. வீட்டில் யாரும் குடிக்காத நாளுக்குப் பச்சை ஸ்டிக்கர், குடித்த நாளுக்குச் சிவப்பு. அதைப் பெரியவர்கள் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். பிள்ளைக்கு வெட்கப்பட்டாவது விட்டுவிடுவார்கள் என்பது யோசனை. ரகசியம் என்பதால் பெயர் எழுத வேண்டாம், வருகைப் பதிவு எண் போதும் என்றார். வகுப்பில் யாருக்கு எந்த எண் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

முதல் வாரத்திலேயே டீச்சரிடம் சிவப்பு ஸ்டிக்கர் தீர்ந்துபோனது. எனக்கு அந்தக் கவலை இல்லை. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸில் ஓட்டையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பை ஒட்டுவார். அந்த அம்பு ஸ்டிக்கர்கள் நாலைந்து அவர் முந்தானையிலேயே ஒட்டிக்கொண்டு தினமும் வீட்டுக்கு வரும். அவற்றை உரித்து என் அட்டையில் ஒட்டினேன்.

அப்பா அதே கம்பெனியில் துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். மாலையில் நேராக வீட்டுக்கு வரமாட்டார். வந்தபின் சத்தம் போடுகிறவரும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்து அப்படியே தூங்கிவிடுவார். காலையில் எழுந்ததும் பாத்ரூமுக்குப் பின்னால் போய் ஏதோ குடித்துவிட்டு வருவார். கேட்டால் கஷாயம் என்பார். அதன்பிறகு அவர் வீட்டு மெஷினில் நூல் கோக்கும் அழகை நான் நின்று பார்ப்பேன். கை நடுங்கவே நடுங்காது. குடித்தவன் கை நடுங்கும், குடிக்காதவன் கை நிற்கும் என்பது நானாகக் கண்டுபிடித்து வைத்திருந்த அறிவியல்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறன்று அப்பா பீரோ கதவில் இருந்த அட்டையின் முன் நின்றார். இருபதுக்கு மேல் அம்புகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

"இன்னியோட சரி கண்ணு. இனி இல்ல" என்றார்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா வெளியே போனதும் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மெண்டிங் முடிஞ்ச பீஸ்ல அம்பு இருக்கக் கூடாது கண்ணு. இருந்தா ரிஜெக்ட்டுல போயிரும்" என்று சொல்லி, நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தார். சரிசெய்த பீஸில் இருந்து அம்பை எடுத்துவிடுவதுதான் அவர் தினமும் செய்யும் வேலை. அதில் பொய் என்று ஒன்று இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. நான் பச்சையை ஒட்டினேன். மறுநாள் மாலை அப்பா வழக்கம்போலவே வந்தார். அன்றைக்கும் பச்சையையே ஒட்டினேன். ஒரு நாள் சிவப்பு வந்தால் உரித்ததெல்லாம் வெளியே தெரிந்துவிடுமே.

அட்டை முடிய மூன்று பெட்டிகள் மிச்சமிருந்த வியாழக்கிழமை டீச்சர் எல்லா அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லிப் பார்வையிட்டார். முழுக்கப் பச்சையாக இருந்தது என்னுடையது மட்டும். திங்கட்கிழமை பள்ளியில் கையெழுத்து இயக்கம் நடக்கும், உன் அப்பாதான் முதல் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. எழுந்து உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். "சரிங்க டீச்சர்" என்றுதான் வந்தது.

அன்று மாலை அழைப்புத் தாளை அப்பாவிடம் நீட்டினேன். படித்தார். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றார். ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தும் வேர்வை ஊற்றியது. சனிக்கிழமை வாந்தி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கதவு சாத்தும் சத்தத்துக்கே திடுக்கிட்டார். சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நேரம் என்பதால் அம்மா மூன்று நாளும் கம்பெனியிலேயே கிடந்தார். நடுவே வந்து காய்ச்சல் மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்தார். எனக்கோ சந்தேகமே இல்லை. வாந்தி எடுக்கிறார் என்றால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறார். கடைசி மூன்று பெட்டிகளிலும் பச்சையையே ஒட்டினேன். திங்கட்கிழமை மழை கொட்ட வேண்டும், டீச்சருக்கு உடம்பு சரியில்லாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டும் நடக்கவில்லை.

பள்ளிச் சுவர் நெடுக வெள்ளைப் பனியன் துணியைக் கட்டியிருந்தார்கள். பெற்றோர் கூடியிருந்தார்கள். அப்பா தேய்த்த சட்டை போட்டு, விபூதி வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது. டீச்சர் மார்க்கரைக் கொடுத்தார். அப்பா அதைத் துணியில் வைத்ததும் கை உதறியது. கோடு இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டு போனது. இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தார். இரண்டு கையும் நடுங்கின.

"காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டாராட்ட இருக்குதுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரித்தார்கள். செல்போன்கள் மேலே எழுந்தன. நான் அவர் பக்கத்திலிருந்து நழுவி டீச்சருக்குப் பின்னால் போய் நின்றேன். "நாந்தானுங்க டீச்சர் பொய்யா ஒட்டுனேன்" என்று அழுதேன்.

அதற்குள் மார்க்கர் கீழே விழுந்தது. அப்பா எதிரே வெறும் காற்றில் எதையோ விரலால் பிடித்து, ஊசியில் நூல் கோப்பதுபோலக் கோத்துக்கொண்டே இருந்தார். "நூல் அந்து போச்சு, நூல் அந்து போச்சு" என்றார். அதற்கும் சிலர் சிரித்தார்கள். நர்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஓடிவந்து அவரைத் தரையில் உட்காரவைத்தார், நாடியைப் பிடித்தார், முகத்தருகே குனிந்து ஏதோ கேட்டார். அப்பா முணுமுணுத்தார். நர்சம்மாவின் முகம் மாறியது. "ஆட்டோ கூப்புடுங்க, சீக்கிரம்!" என்று கத்தினார். பொய் அட்டைக்காகத்தான் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்பா முணுமுணுத்தது என்ன என்று பல வருடம் கழித்து அம்மாதான் சொன்னார். கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று நர்சம்மா கேட்டிருக்கிறார். "வியாழக்கிழமைங்க. புள்ளை பச்சை ஒட்டிருச்சுங்க. அதைப் பொய்யாக்கக் கூடாதுங்களே" என்றாராம். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், உயிரே போகலாம். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கல்லீரல் படத்தில் அது இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நர்சம்மா அதைத்தான் முதலில் சொன்னாராம்: தானாக நிறுத்தாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து நிறுத்துங்கள். அப்பா அதன்பிறகும் இரண்டு முறை குடியில் வழுக்கி விழுந்தார், இரண்டு முறையும் அங்கே போய்த்தான் எழுந்தார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். தனியாக அட்டையின் முன் நின்றேன். முந்தைய பச்சைகள் அம்மாவுக்காக ஒட்டியவை; அவற்றைத் தொட மனம் வரவில்லை. கடைசி மூன்று நாள்தான் கண்ணிலேயே நின்றது. வேர்வை, வாந்தி, நடுக்கம். அந்த மூன்று பச்சையையும் உரித்துவிட்டு மூன்று சிவப்பு அம்புகளை ஒட்டினேன். வயிற்று வலி சட்டென்று நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்து அப்பா மெலிந்து வீட்டுக்கு வந்தார். முதலில் பீரோவிடம் போனார். விரலை வைத்து அந்த மூன்று அம்புகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாப் பாத்துத்தான் ஒட்டுனயா கண்ணு?"

"ஆமாங்கப்பா" என்றேன். உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அப்பா தலையை ஆட்டினார். உரிக்கவில்லை.