பட்டியல் உள்ளே இருக்கிறது

சமார் தீவில் என் பக்கத்து வீட்டில் கருவாடு போடும் எர்லிண்டாவின் போனில் ஒரே ஒரு கம்பெனியின் செயலி மட்டும் டேட்டா போடாமலே இலவசமாக ஓடும். அதில் செய்தியின் தலைப்பு தெரியும். உள்ளே போகத் தட்டினால் ரீசார்ஜ் செய்யச் சொல்லும்.

புயலன்று காலை, "வெளியேற வேண்டிய ஊர்கள்: பட்டியல் உள்ளே" என்று வந்தது. ரீசார்ஜ் கடை பூட்டியிருந்தது.

"நம்ம ஊரு இருக்காடி?" என்றார் கணவர் ருபெர்த்தோ, கோழிகளைக் கூடையில் அடைத்தபடி.

"தலைப்பை வேணா நூறு தரம் வாசிக்கிறேன், கேட்டுக்கோ. ஓசியில குடுத்த மகராசன் வெறும் கதவைத்தான் குடுத்திருக்கான்."

"யாராவது திறந்து பார்த்துச் சொல்லுங்க" என்று ஊர்ப் பெயரோடு கமெண்டில் எழுதினாள். அவளுக்கு முன்பே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எல்லாரும் அதையேதான் கேட்டிருந்தார்கள். அதில் முதல் ஆள் நான்.