ஒழுகாத வண்டி

லவான் வாழ்க்கைப்பட்டது குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவனுக்கு. அவள் புருஷன் கேலார்ட் ட்வெய்ட், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் தானியக் கிடங்கில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். விவசாயிகள் லாரியில் கொண்டுவரும் மக்காச்சோளத்தை ஒரு கை அள்ளி முகர்வான், கடித்துப் பார்ப்பான். ஈரம் என்பான், பூஞ்சை என்பான். அவன் சொன்னால் சொன்னதுதான், விலை இறங்கிவிடும். சொர்க்கத்துக்கே கூட்டிப்போனாலும் கேலார்ட் முதலில் கதவுக் கீலில் துரு இருக்கிறதா என்றுதான் பார்ப்பான் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அவன் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அந்த ஊர்க்காரர்கள் எதையும் யார் முகத்துக்கு நேரேயும் சொல்கிறவர்கள் அல்ல.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். பெரிய பெரிய பாத்திரங்களில் கோழிக்கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு வீட்டுக்கு வந்தால், கேலார்ட் அவள் நடை, அவள் கழுத்துச் சுருக்கம், கார் ஓட்டும் லட்சணம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசுவான். கத்த மாட்டான். சோளத்துக்குத் தரம் சொல்லும் அதே குரலில்தான் சொல்வான். மகள் ரெனே பதினெட்டு வயதானதும் ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் போனவள், அப்பாவோடு பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள்.

அறுபது வயது தாண்டிய பிறகு லவானுக்கு மார்பில் கட்டி வந்தது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அவள் தேறி முதல்முறையாகச் சர்ச்சுக்குப் போன ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ கேலார்ட்டிடம், வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார்கள்.

"நான் வீட்டுக்குக் கொண்டுவந்தப்ப முழுசாத்தான் இருந்துச்சு" என்றான்.

இரண்டொருவர் சிரித்தார்கள். லவான் கையிலிருந்த கேக்குத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கழுவ வேண்டிய கோப்பைகள் இருப்பதுபோல அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கேம்பர் வண்டி வாங்கும் எண்ணம் அவளுடையது. காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகிற வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. ஓய்வு பெற்றவர்கள் முக்கால்வாசிப் பேர் ஏரிக்கரை முகாமில் இடம் பிடித்துக் கோடை முழுவதும் அதில்தான் இருப்பார்கள். அக்கம்பக்கத்தில் மனுஷர்கள் இருந்தால் கேலார்ட் அவளை விட்டு மற்றவர்களிடமும் குறை பார்ப்பானே என்று அவள் நினைத்தாள். அவனும் சம்மதித்தான். டீலரை ஒரு கை பார்க்கலாம் என்ற ஆசைதான் காரணம்.

பழைய நண்பன் ஆர்டன் முந்தின வருஷம் டீலரிடம் போய், உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அன்றைக்கே வண்டியை இழுத்துக்கொண்டு வந்தவன். கேலார்ட்டுக்கு அது பெரிய கேலி. "மாட்டோட பல்லைப் பாக்காம வாலைப் பிடிச்சு வாங்கினவன்" என்று போகிற இடமெல்லாம் சொன்னான்.

டீலரின் மைதானத்தில் கர்பி என்ற விற்பனைக்காரன் அவர்களுக்கு வாய்த்தான். முப்பது வயது இருக்கும். காலையில் தொடங்கிய சிரிப்பு மதியத்துக்குள் அவன் முகத்தில் காய்ந்துபோய்விட்டது. கேலார்ட் வண்டிக்கு அடியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போய்ச் சட்டத்தின் வெல்டிங்கை டார்ச் அடித்துப் பார்த்தான். கேஸ் குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் விடுகிறதா என்று காத்திருந்தான். வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்து, குதிரையைத் தடவுவதுபோல நீளத்துக்கும் தடவினான். ஒரு இழுப்பறை கோணல். ஒரு ஜன்னலில் ரப்பர் சரியாக உட்காரவில்லை. ஒவ்வொன்றுக்கும் கர்பியைக் கூப்பிட்டு, அவனை அதன் முன்னால் நிற்கவைத்துச் சொன்னான்.

லவானுக்கும் வேலை கொடுத்தான். கட்டிலில் படுத்துப் புரளச் சொன்னான். குளியலறைக்குள் நின்று குனிந்து நிமிரச் சொன்னான். பலகை தாங்குமா என்று பார்க்கத் தரையில் குதிக்கச் சொன்னான். அவள் குதித்தாள்.

"இந்த எடையைத் தாங்கினா எதையும் தாங்கும்" என்று கர்பியிடம் சொன்னான். கர்பி தன் காலணியைப் பார்த்துக்கொண்டான்.

கடைசியாக ஒழுகல் சோதனை. கேம்பரில் வருகிற எல்லாக் கேடும் தண்ணீரில்தான் தொடங்கும் என்பது கேலார்ட்டின் கட்சி. அதில் தப்பில்லை. கூரை மேல் குழாயால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். உள்ளே ஒருவர் விளக்கை வைத்துக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் பார்க்க வேண்டும். லவான் உள்ளே போனாள். கேலார்ட் கதவை வெளியிலிருந்து சாத்தினான்.

கூரையில் தண்ணீர் சடசடவென்று விழுந்தது. அவள் கட்டிலின் தலைமாட்டு மூலையில் உட்கார்ந்தாள். கேம்பரின் சுவர் அட்டை மாதிரி. குழாயை வேறு பக்கம் திருப்பியபோது வெளியே பேசுவது பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது. கர்பி ஏதோ உத்தரவாதம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வருஷத்துக்குள் எது கெட்டாலும் மாற்றித் தருவோம் என்றான்.

"உள்ள ஒண்ணு உக்காந்திருக்கே, அதுக்கு இந்த மாதிரி உத்தரவாதம் இருந்திருந்தா நான் எப்பவோ திருப்பிக் குடுத்திருப்பேன். இப்ப ஒரு பக்கம் பாகமே இல்ல. யார் எடுப்பா?" என்றான் கேலார்ட்.

கர்பி சிரித்தான். காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு அவனுக்கு அந்த விற்பனை வேண்டியிருந்தது. நன்றாகவே சிரித்தான்.

அந்த நேரத்தில் அவள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். கூரையும் சுவரும் சேரும் மூலையில், கண்ணாடி மணிபோல இன்னொரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது விழுந்தது. மறுபடி திரண்டது.

"லவான், ஒழுகுதா?"

அவள் ஸ்வெட்டர் கையால் மூலையைத் துடைத்தாள். மெத்தையைத் திருப்பிப் போட்டாள்.

"இல்ல. காஞ்சு கிடக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

வண்டியை வாங்கினார்கள். அந்தக் கோடையில் ஏரிக்கரையில் கேலார்ட்டைக் கையில் பிடிக்க முடியவில்லை. மற்றவர்களின் வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்து தீர்ப்புச் சொன்னான். ஆர்டனின் கூரையில் ஏறி, இது மூன்று வருஷம் தாங்காது என்று முகாமே கேட்கச் சொன்னான். ஆர்டன் தலையாட்டிவிட்டு மீன் சுத்தம் செய்யப் போய்விட்டான். மழை பெய்த நாட்களில் லவான் தலைமாட்டு மூலையில் துணியைச் சுருட்டி வைத்தாள். காலையில் பிழிந்து காயப்போட்டாள். அவன் கண்ணில் அது படவேயில்லை. தான் சோதித்துப் பார்த்த வண்டியில் அவன் எதையும் தேடவில்லை. உத்தரவாதத்தின் ஒரு வருஷம் முடிகிறவரை அவள் துணி வைத்தாள். அதன்பிறகு வைக்கவில்லை.

இன்னொரு குளிர்காலமும் போய்ப் பனி உருகியது. வண்டியைத் திறந்தபோது ஈர நாய் வாடை அடித்தது. தலைமாட்டுச் சுவர் வயிறுபோல உப்பியிருந்தது. கேலார்ட் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல விரல் உள்ளே போயிற்று. முகாம்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் வண்டிக்குத் திரும்பினார்கள். ஆர்டன் மட்டும், தன்னிடம் நல்ல பசை இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன் என்றான். அந்த அன்பைத்தான் கேலார்ட்டால் தாங்க முடியவில்லை. மறுநாள், தானே அடைக்கிறேன் என்று கூரைமேல் ஏறினான். மூலையில் கால் வைத்தான். உளுத்த பலகை வழிவிட்டது. சரிந்து கீழே, வண்டியைக் காரோடு பூட்டும் இழுவைக் கம்பியின் மேல் விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

லவான் அவனை வீட்டில் வைத்தே பார்த்தாள். கழுவினாள், புரட்டிப் போட்டாள், ஊட்டினாள். இலையுதிர் காலத்தில் ஒருநாள் மத்தியானம், அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அன்னிக்கு உள்ள நீதானே இருந்தே?"

அவள் சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தாள். இல்லை, தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அவனால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

"நான்தான் இருந்தேன். ஒழுகிச்சு. என் கைமேலதான் விழுந்துச்சு" என்றாள். "நீ பேசினதும் கேட்டுச்சு." பிறகு கரண்டியை அவன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

அவன் அதை எல்லோரிடமும் சொன்னான். போதகரிடம் சொன்னான், ஆர்டனிடம் சொன்னான், ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. இந்த நிலையிலும் அவளிடம் குறை கண்டுபிடிக்கிறானே என்று வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார்கள். சர்ச்சுப் பெண்கள் லவானின் கையைப் பிடித்து அழுத்தினார்கள். வாரம் தவறாமல் பலகாரம் கொண்டுவந்தார்கள். அவள் அதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். வாழ்நாளில் முதல்முறையாக அவன் சொல்லுக்கு ஊரில் விலை இல்லை. அவன் அவளைப் பற்றிச் சொன்னதிலேயே முழு உண்மை அதுதான்.

நம்பியது ரெனே ஒருத்திதான். அப்பா விழுந்த செய்திக்கே வராதவள், நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு வந்தாள். படுக்கை அருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள்.

"அப்பா சொல்றது நெசமாம்மா?"

"நெசம்தான்."

தன் பக்கம் நிற்க இந்தப் பெண் இருக்கிறாள் என்று லவான் நினைத்திருந்தாள். ரெனே அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அவரை விட்டு வந்துடுன்னு வாராவாரம் கெஞ்சினேன். அதைச் செய்யல. இதைச் செஞ்சிருக்கே."

லவான் அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தாள். விருந்துக்கு வான்கோழி அடுப்பில் இருந்தது. ரெனே அதைச் சாப்பிடவில்லை. விமானத்தை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை போன் நின்றது.

டிசம்பரில் பனி கனமாக விழ ஆரம்பித்தது. லவான் உணவுத் தட்டோடு படுக்கைக்கு வந்தாள். கேலார்ட் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, மெதுவாக மென்று, விழுங்கினான்.

"உப்பு பத்தல" என்றான்.

அவள் எழுந்து போய் உப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.