சாப்பிட்டீர்களா என்று கேட்கக் கூடாது

அரச உத்தியோகத்தர்கள் மேல் வரும் முறைப்பாடுகளை விசாரிக்கும் ஆணைக்குழு ஒன்றில், விசாரணையாளர்களை மேற்பார்வை செய்வது என் வேலை. கொழும்பில் ஓர் அறை, ஒரு இரும்பு அலுமாரி, எனக்குக் கீழே ஏழு பேர். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் நடத்துவேன். சாட்சியின் வீட்டில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காதே. சாட்சியிடம் "சாப்பிட்டீர்களா" என்று கூடக் கேட்காதே. முதல் பாதியை எந்த அதிகாரியும் சொல்வார். இரண்டாவது பாதி என்னுடைய சொந்தச் சரக்கு.

அதற்குக் காரணம் உண்டு. என் ஆள் ஒருவர், நல்ல மனிதர், ஒரு சாட்சி வீட்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறெதையும் தொடவில்லை. "எத்தனை ரொட்டி? சம்பல் உறைப்பா?" என்று அரை மணி நேரம் அதையே கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்கு அந்தச் சிரிப்போடு போயிற்று. அன்றிலிருந்து நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான்.

அப்படிப்பட்ட எனக்கு, ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஆறு மணிக்கு ஊரிலிருந்து தொலைபேசி வரும். அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், நாங்கள் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில் இன்னும் இருக்கிறாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என் படிப்பின் கதை அவ்வளவுதான்.

"சாப்பிட்டியா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. சாப்பிடாவிட்டாலும் சாப்பிட்டேன் என்பேன். உடனே, "என்ன கறி?" என்பாள். நான் ஒரு நொடி தயங்கினால் போதும், பொய் பிடிபட்டுவிடும். என்னிடம் உள்ள ஏழு பேரில் ஒருவருக்கும் அந்தக் குறுக்கு விசாரணை வராது.

ஒரு வெள்ளிக்கிழமை தமிழில் ஒரு முறைப்பாடு வந்தது. தமிழில் வருகிற கடிதங்கள் எல்லாம் முதலில் என் மேசைக்குத்தான் வரும். ஒரு கிராம சேவகரைப் பற்றிய கடிதம். வதிவிடச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டுமானால், பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மரக்கறித் தோட்டத்துக்குப் போய்ப் போஞ்சி ஆய வேண்டும், கோவாவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூலி கிடையாது. "மூன்று மாதமாக மாதா கோவில் பூசைக்குப் போக முடியவில்லை" என்று ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்குள் ஏதோ இடித்தது. கடைசிப் பக்கத்தில் ஒன்பது கையெழுத்துகள். மூன்றாவது அக்காவுடையது.

ஒவ்வொரு வாரமும் பேசுகிறாள். மழை, அட்டைக் கடி, பக்கத்து லயத்துச் சண்டை, மகளுக்கு வந்த வரன், எல்லாம் சொல்கிறாள். இதை மட்டும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே பயமும் இருந்தது.

சாட்சி எனக்கு உடன்பிறந்தவள், ஆகவே இந்தக் கோப்பை நான் தொடக் கூடாது என்று அன்றே எழுதிக் கொடுத்தேன். கோப்பு அடுத்த அறை மேற்பார்வையாளரிடம் போயிற்று. வெலிமடைப் பக்கத்துச் சிங்களப் பெண், நேரானவர். தமிழ் எழுதத் தெரிந்த என் ஆள் ஒருவரையும் அவரிடம் கொடுத்தேன். வழக்கு முடியும்வரை சாட்சிகளோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டேன்.

அந்த அம்மையார் சொன்னார்: "அக்காவிடம் ஒரே ஒரு முறை பேசி, இப்படி ஒரு தடை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நான் அனுமதி எழுதித் தருகிறேன்."

"தேவையில்லை" என்றேன். "நாளைக்கு ஒரு வழக்கறிஞர் அந்த ஒரு அழைப்பைப் பிடித்துக்கொள்வார்."

நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். இன்று யோசித்தால் முக்கால்வாசி வீம்பு. என் ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு உபதேசம் செய்தவன் தனக்கு மட்டும் சலுகை வாங்கினான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

அந்த ஞாயிறு ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தது. அடுத்த ஞாயிறும் அடித்தது. மூன்றாவது ஞாயிறு ஒரே ஒரு முறை. நான்காவது ஞாயிறு அடிக்கவில்லை. அடிக்காத தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு ஏழு மணிவரை இருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து அலுவலக முகவரிக்கு ஒரு கலியாணப் பத்திரிகை வந்தது. அக்கா மகளுக்கு, என் மருமகளுக்கு, கலியாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. கோவிலில் அவளைக் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டியவன் தாய்மாமன். பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டு என் பெயரைப் பதவியோடு அச்சடித்திருந்தாள். விதிப்படி, சாட்சியிடமிருந்து வந்த தபாலை நான் வைத்திருக்கக் கூடாது. அடுத்த அறைக்கு எடுத்துப் போனேன். அம்மையார் அதைத் துளையிட்டுக் கோப்பில் சேர்த்து, மூலையில் பக்க இலக்கம் போட்டார். அதில் மஞ்சள் பூசிய விரல் ஒன்றின் அடையாளம் இருந்தது.

கலியாணத்தன்று நான் பதுளையில் இருந்தேன். வேறொரு விசாரணை. அந்தத் தேதியை நானே தெரிவு செய்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். காலையிலேயே பஸ் நிலையத்துக்குப் போனேன். மடுல்சீமை என்று போர்டு போட்ட பஸ் நின்றது. பையில் மருமகளுக்கு வாங்கிய மாமன் சேலை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், பூவும் புதுச் சேலையுமாக, மடியில் சுற்றிக் கட்டிய பரிசுப் பெட்டி. அந்தக் கலியாணத்துக்கேதான் போகிறார்களோ என்று மனம் அடித்துக்கொண்டது.

கண்டக்டர் வந்தார். "எங்கங்க?"

வாய் "பசறை" என்றது.

பாதி வழியில், பசறையில், இறங்கினேன். கடையில் ஒரு பிளேன்டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த பஸ் வளைவில் ஏறி மறைவதைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு ஏங்கியதில்லை. அந்த மேட்டில், அந்தக் கோவில் வாசலில், அரை மணி நேரம் ஒரு தாய்மாமனாக நிற்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். தேநீர் ஆறிப்போயிற்று. எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பினேன். சேலையைக் கொழும்புக்குக் கொண்டுபோய் இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்தேன்.

வழக்கு முடிய இன்னும் ஒரு வருடம் எடுத்தது. கிராம சேவகர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்று மாலை அம்மையார் கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இனி நீங்கள் வாசிக்கலாம். மூன்றாவது சாட்சியின் கடைசிப் பக்கத்தை வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

என் ஆளின் அழகான கையெழுத்து. "இந்த ஆணைக்குழுவில் உங்கள் உறவினர் எவரும் பணிபுரிகிறார்களா?" என்ற கேள்விக்கு அக்கா சொல்லியிருந்தாள்: "என் தம்பி இருக்கிறான். இந்த விசயத்தை அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் வேலைக்குக் கெடுதல் வரும்."

அதற்குக் கீழே, எல்லா வாக்குமூலத்தின் முடிவிலும் கேட்க வேண்டிய கேள்வி. "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"என் தம்பி போன் எடுப்பதில்லை. அவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று மட்டும் சொல்லுங்கள்."

அடுத்த வரி: "இதற்கு விசாரணையாளர் பதிலளிக்கவில்லை."

அழுதேன். ஐம்பத்து நான்கு வயதில், அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. பிறகு அந்த விசாரணையாளரைக் கூப்பிட்டேன். இரண்டு வருடமாக நடைபாதையில் என் முகத்தைப் பார்க்காமல் போனவர். திமிர் என்று நினைத்திருந்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார். அந்தம்மா ரெண்டு தரம் கேட்டாங்க. நான் பேனாவ மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல."

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அந்த வார ஞாயிறு மடுல்சீமை பஸ்ஸில் கடைசிவரை போனேன். பூசை முடிந்து அக்கா வந்திருந்தாள். வாசலில் என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். "வா" என்றாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். உள்ளே போய்ப் பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். மருமகள் புருசனோடு பண்டாரவளையில் இருக்கிறாள் என்றாள். பஸ்ஸில் இடம் கிடைத்ததா, கொழும்பில் வெயிலா, பிரசர் மாத்திரை போடுகிறாயா என்றெல்லாம் கேட்டாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

தடை, கையெழுத்து, கோப்பு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன், அது என் தொழில். "ம்" என்று கேட்டுக்கொண்டாள். சேலைப் பையை அவள் மடியில் வைத்தேன். பிரிக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். சுவரில் கலியாணப் படம் மாட்டியிருந்தது. பீடத்துக்கு முன்னால் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அக்காதான். மாமன் நிற்கும் இடத்தில் வேறு யாரையும் அவள் நிற்க விடவில்லை.

ஒரு மணி, இரண்டு மணி ஆயிற்று. இடையில் ஒரு தரம் அவள் உள்ளே போய் வந்தாள். பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசம் வந்தது. அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், நேற்று இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று. அவள் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வராமல் போன கேள்வியை எத்தனை தரம்தான் ஒருத்தி கேட்பாள்? நான்கு மணிக்குத் திரும்பும் பஸ். வெட்கத்தை விட்டேன்.

"அக்கா, எனக்குப் பசிக்குது."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ வாசல்ல நின்னப்பவே ஒல வச்சுட்டேன். வடிச்சு ரொம்ப நேரமாச்சு, ஆறிப் போயிருக்கும்" என்றாள். "கைய கழுவிட்டு வா."