கொதிக்காத தண்ணீர்

துரைப்பாண்டியின் ஜவுளிக்கடைக்கு மைக்ரோவேவ் அடுப்பு வந்த அன்றே பேச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சங்கரன்கோவில் ரத வீதியில் இருக்கும் அந்தக் கடையின் மாடிப் பின்னறைதான் அவள் இடம். விற்பனைக்கு நிற்கும் பெண்கள் கொண்டுவரும் மதியச் சாப்பாட்டைச் சூடாக்குவாள். பட்டெடுக்க வருகிறவர்களுக்குக் காப்பி போடுவாள். கணவன் இறந்தபின் அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. துணி குவிந்திருக்கும் இடத்தில் கேஸ் அடுப்பு கூடாது என்று தீயணைப்பு நிலையத்தார் சொல்லிவிட்டதால் அடுப்பு போய் இந்தப் பெட்டி வந்தது. பொத்தானை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்றால், அடுத்துப் போகப்போவது தான்தான் என்று பேச்சிக்குப் பட்டது.

பில் போடும் அபிதா இயற்பியல் படித்தவள். அவள் விளக்கிப் பார்த்தாள்.

"உள்ளேருந்து ஒரு அலை வருதுக்கா. அது சாப்பாட்டுல இருக்க தண்ணியப் போட்டு உலுக்குது. அந்த உலுக்கல்லதான் சூடு. கிண்ணத்துல தண்ணி இல்லைல்லா, அதான் அது சுடாம இருக்கு."

"எங் கையிலயும் தண்ணி இருக்குல்லா?"

"கதவத் தொறந்தா அலை நின்னுரும்."

"நின்னுருச்சுன்னு ஒனக்கு யாருட்டி சொன்னா?"

அபிதா சிரித்தாள். பேச்சி சிரிக்கவில்லை.

அவளுக்குச் சூடு தெரிவது இரண்டு வழியில். பாத்திரத்தைப் புறங்கையால் தொடுவாள். தண்ணீர் என்றால் குமிழியைப் பார்ப்பாள். இந்தப் பெட்டியில் தொட்டுப் பார்ப்பது பொய்த்தது. கிண்ணம் ஆறியிருக்க, சாம்பார் சாதம் வாயைச் சுட்டது. ஓரம் கொதித்து நடு சில்லென்று இருந்தது. அலை ஓரிரு அங்குலம்தான் உள்ளே போகும், மீதியைக் கிண்டிவிட வேண்டும் என்றாள் அபிதா. இனி குமிழியை மட்டும் நம்புவது என்று பேச்சி முடிவு செய்துகொண்டாள்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் கத்திக் கத்தித் துரைப்பாண்டிக்குத் தொண்டை கட்டியது. பனங்கற்கண்டு போட்டு வெந்நீர் கேட்டார். புதுக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து, மூடிய கதவின் கண்ணாடி வழியே பார்த்தபடி நின்றாள் பேச்சி. குமிழி வரவில்லை. மறுபடி அமுக்கினாள். அப்போதும் வரவில்லை. வெளியே எடுத்தபோது தண்ணீர் அசையாமல் இருந்தது. கற்கண்டைப் போட்டாள்.

தண்ணீர் புஸ்ஸென்று பொங்கி எழுந்து அவள் மணிக்கட்டிலும் பெட்டியின் மேலும் கொட்டியது. சத்தம் கேட்டுத் துரைப்பாண்டி ஓடிவந்தார், பின்னாலேயே அபிதாவும்.

"ஒனக்கு இது பிடிக்கலன்னு எனக்குத் தெரியும் பேச்சி. அதுக்காவ மேல தண்ணிய ஊத்தி விட்ருவியா?"

"நான் ஊத்தல அண்ணாச்சி."

"பின்ன, தண்ணி தானா எந்திரிச்சு வந்துச்சோ?"

"ஆமா."

அவர் அவளையே பார்த்தார். "நாளைலேருந்து நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

பேச்சி குழாயடியில் கையை நீட்டியபடியே சொன்னாள். "அதே தம்ளருல நீங்களே வைங்க. கற்கண்டையும் நீங்களே போடுங்க. வரலன்னா நான் இப்பமே போறேன்."

அவர் வீம்புக்கு வைத்தார். குமிழி வரவில்லை. "கைய உள்ள விடாதீங்க" என்று அபிதா, துணி சுற்றிவரும் நீள அட்டையை மடித்துக் கொடுத்தாள். திறந்த கதவுக்கு எட்ட நின்று, அட்டை வழியாகக் கற்கண்டை உருட்டிவிட்டார். தண்ணீர் சீறி எழுந்து பெட்டியின் உட்கூரையை நனைத்தது. துரைப்பாண்டி பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"புதுக் கண்ணாடி ரொம்ப வழுவழுப்பு, குமிழி பிடிக்க இடம் இல்ல" என்றாள் அபிதா. "கொதிக்கற சூடு தாண்டியும் தண்ணி சும்மா நிக்கும். சொரசொரப்பா ஒண்ணு விழுந்தா மொத்தமாக் கெளம்பிரும்."

துரைப்பாண்டி தம்ளரைப் பார்க்காமல் பெட்டியையே முறைத்தார். "திருப்பிக் குடுத்துருவமா?"

பெட்டி போனாலும் கேஸ் அடுப்பு திரும்பி வராது. தனக்கும் வேலை இருக்காது. பேச்சி முந்திக்கொண்டாள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. ஆனா கண்ட பிள்ளையும் இதத் தொடக் கூடாது."

"நீ இல்லாம ஒருத்தரும் தொட வேண்டாம்" என்றார் அவர்.

இப்போது தண்ணீர் வைத்தால் மரக்கரண்டி ஒன்றை உள்ளே போட்டே வைக்கிறாள். சூடாகி முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே எதுவும் ஓடவில்லையே என்று கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறாள். அதன் பிறகுதான் கதவைத் திறக்கிறாள்.